ஒரு முழத் தட்டு

ரசலையன் கம்பவுண்டர் ஊசி போடும்போது கை நடுங்கியது என்று மஞ்சாடிமலையில் ஒருவரும் சொன்னதில்லை. பாம்பு கடித்து வந்தவனின் காலைக் கீறியிருக்கிறார். ரப்பர் வெட்டுகிற கத்தி பாய்ந்து தொங்கிக்கொண்டிருந்த கட்டைவிரலை அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் ஒட்டவைத்துத் தைத்திருக்கிறார், அந்த விரல்காரன் இன்னும் அதே விரலால்தான் மூக்குப்பொடி எடுக்கிறான். அப்பேர்ப்பட்ட கை, ஒரு முழ தூரத்தில் சாதுவாகக் கிடந்த ஒரு வெள்ளைப் பந்தைக் குழிக்குள் தள்ள முடியாமல் ஊர் பார்க்க மானம் கெட்டது. போன மானத்தை அவர் எப்படித் திரும்ப வாங்கினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது எங்கள் மலைக்கே அநியாயம்.

மஞ்சாடிமலை எஸ்டேட் குலசேகரத்துக்கு மேலே இருந்தது. முழுக்க ரப்பர். ரப்பர் பிடிக்காத ஒரு மொட்டை மேட்டில் துரைமார் கோல்ப் விளையாட ஒன்பது குழி வெட்டி வைத்திருந்தார்கள். கோல்ப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூரத்தில் இருந்து மட்டையால் ஓங்கி அடித்துப் பந்தைக் குழிப்பக்கம் கொண்டுவர வேண்டும், பிறகு மெதுவாகத் தட்டிக் குழிக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் முடித்தவனுக்கு அந்தக் குழி, அதிகக் குழி எடுத்தவனுக்கு ஆட்டம். ஓங்கி அடிப்பதைப் பார்க்கத்தான் ஆள் கூடும், ஆட்டத்தைத் தீர்மானிப்பது என்னவோ அந்தக் கடைசித் தட்டுதான். சீமையில் குழியைச் சுற்றிப் பட்டுப்போல் புல் வளர்ப்பார்களாம். நம் வெயிலுக்கு அதெல்லாம் நடக்குமா? இங்கே ஆற்றுமணலில் எண்ணெய் கலந்து அமுக்கி, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். காலடித் தடம் பட்டால் பந்து கோணிக்கொண்டு போகும் என்பதால், தட்டுவதற்கு முன்னால் ஒரு பலகையால் மணலை இழுத்துச் சமன் செய்வது வழக்கம். அந்தப் பலகை வயலில் பரம்படிக்கிற பலகைக்குத் தம்பி மாதிரி இருக்கும்.

பலகை இழுக்கிற வேலை சிலுவைக்கு. சிலுவை கடியபட்டணத்துக் கடற்கரைக்காரன், பாதி வயது வரை கட்டுமரத்தில் போனவன். கடலை விட்டு ஏன் மலையேறினாய் என்று கேட்டால் மாமியார் மேல் பழியைப் போடுவான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மணலை அவன் இழுத்துவிட்டால் அதில் எறும்பு நடந்தாலும் தடம் தெரியும்.

ரசலையன் இந்த விளையாட்டுக்குள் வந்தது ஒரு சுளுக்கால். விருந்துக்கு வந்த ஒரு துரை மட்டையைச் சுழற்றிய வேகத்தில் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். கட்டுப்போட ரசலையனைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்டு முடித்ததும், எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பார்க்கர் துரை வேடிக்கைக்காக, "நீயும் ஒண்ணு அடி, கம்பவுண்டர்" என்று மட்டையை நீட்டினார். ரசலையன் வேட்டியை மடித்துக் கட்டினார். கோட்டைக் கழற்றவில்லை, கோட்டில்லாமல் துரைமார் முன்னால் நிற்பது அவருக்கு வழக்கமில்லை. ஓங்கி ஒரே அடி. பந்து போன தூரத்தைப் பார்த்துச் சுளுக்குக்காரத் துரை வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

அதிலிருந்து, விருந்தாளி இல்லாத சாயங்காலங்களில் பார்க்கர் துரை அவரைக் கூட வைத்துக்கொண்டு ஆடினார். பெரிய பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், மனுஷனுக்குத் தனியாக ஆட அலுப்பு. ரசலையனுக்கோ அது உயிராகிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தியதும் கால் தானாக மேட்டைப் பார்த்துப் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. மரத்தில் பால் வெட்டாமல் சும்மா விடுவதே லாபம் என்ற காலம். பல துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆனைப்பாறைக் கிளப்போடு நடக்கிற போட்டியை மட்டும் அவர்கள் விடுவதாக இல்லை. பக்கத்துக்கு எட்டுப் பேர், ஒருவருக்கு ஒருவர் எதிராக ஆட வேண்டும், அதிக ஆட்டம் ஜெயித்த கிளப்புக்கு வெள்ளிக் கோப்பை. மஞ்சாடிமலையில் தேற்றிப் பார்த்தால் ஏழு பேர்தான் இருந்தார்கள். பார்க்கர் துரை தலையைச் சொறிந்தார், பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த மேட்டில் அதுவரை நம் ஆட்கள் பை சுமந்திருக்கிறார்கள், பந்து பொறுக்கியிருக்கிறார்கள், மணல் இழுத்திருக்கிறார்கள். மட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு துரைக்கு எதிராக, கணக்கில் சேர்கிற ஆட்டம் ஆடியதில்லை. செய்தி தெரிந்ததும் எஸ்டேட்டே எழும்பி நின்றது. சபையில் உபதேசியார் பெயர் சொல்லி ஜெபித்தார். குமாஸ்தாக்கள் அரைநாள் லீவு கேட்டார்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள் லீவு கேட்கவே இல்லை, நேராக வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

கடைசிக் குழி வரை ரசலையன் நன்றாகத்தான் ஆடினார். எதிராளி மெக்ரே துரை, ஆனைப்பாறைக்காரர், சிவந்த மீசை வைத்த உயரமான மனிதர். இருவரும் சமமாகக் கடைசிக் குழிக்கு வந்தார்கள். ரசலையனின் பந்து குழியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றது. மற்ற ஆட்டங்கள் முடிந்து கோப்பை இந்த ஒரு தட்டில்தான் இருந்தது, போட்டால் மஞ்சாடிமலைக்கு. தட்டினார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நினைத்ததுபோல் அப்பால் உருண்டு போனது. அங்கிருந்து குழியை நோக்கித் திரும்பத் தட்டியதும் தவறியது, குழி மெக்ரேக்கு. கோப்பை ஆனைப்பாறைக்குப் போனது.

அதைவிட உள்ளே குத்தியது இன்னொன்று. துரைமாருக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு மிக அருகில் நின்றால், "இதை நீ எப்படியும் போட்டுவிடுவாய், எடுத்துக்கொள்" என்று விட்டுத் தந்துவிடுவார்கள். அது மரியாதை. அன்றைக்கு ஒன்பது குழியிலும் மெக்ரே ரசலையனுக்கு ஒன்றைக்கூட விட்டுத் தரவில்லை, சாணளவு கிடந்ததைக்கூட அடிக்கவைத்து வேடிக்கை பார்த்தார். அவர் செய்தது சரிதான் என்று கடைசிக் குழியில் ரசலையனே நிரூபித்துக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் பார்க்கர் துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அடுத்த வருஷம் இன்னும் ஒரே தடவை, ரசலையன். அப்பவும் இப்படி விட்டா, எனக்கு ஏழு பேர் போதும்."

அதற்குள் மேட்டிலிருந்து சந்தை வரை கதை இறங்கியிருந்தது. குலசேகரம் சந்தையில் துணி அளக்கிறவன், "எத்தற முழம் சாரே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அதையும் ரசலையன் தாங்கிக்கொண்டார். ஒரு நாள் ஊசி போட வந்த கிழவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "சாரே, கை இப்பம் நல்லாயிருக்கா?" என்று அக்கறையாகக் கேட்டார். அன்று இரவு ரசலையனுக்குச் சோறு இறங்கவில்லை. துரைமாரிடம் தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும், தன் கையை நம்பி வருகிற ஜனம் அந்தக் கையைச் சந்தேகப்படுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வீட்டு முற்றத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வாய் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்தார். சுற்றி மணல் பரப்பி, வாளியில் கிடந்த பழைய எண்ணெயை ஊற்றி மிதித்தார். தினமும் சாயங்காலம் அங்கேதான். மட்டையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், தளர்த்திப் பிடித்துப் பார்த்தார். கால்களை அகட்டினார், சேர்த்தார். மட்டையின் தலையில் ஈயத்தை உருக்கி ஒட்டினார், மறுநாள் தட்டி எடுத்தார். அதிசயம் என்னவென்றால், சும்மா தட்டும்போது பந்து சமர்த்தாகச் சிரட்டைக்குள் விழும். "இதுதான் கடைசிக் குழி, எதிரே மெக்ரே நிற்கிறார்" என்று மனசில் வைத்துத் தட்டினால் தவறும். மட்டையும் அதே, மணலும் அதே. பிறகு எங்கே போகிறது?

அவர் மனைவி செல்லபாய், மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தவள். வாசற்படியில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். விளையாட்டில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆனால் கட்டிய புருஷனைச் சந்தையில் நாலுபேர் முழம் போட்டுச் சிரிப்பதை எந்தப் பெண் பொறுப்பாள்? ஒரு நாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"கேட்டியளா, நீங்க கண்ண அடச்சிட்டா அடிக்குதிய?"

"ஆரு, நானா? எனக்க கண்ணு தொறந்துதான் இருக்கு."

"சும்மா அடிக்கும்ப தொறந்திருக்கு. போட்டின்னு நெனச்சு அடிக்கும்ப அடச்சிருக்கு. நான் மூணு நாளா பாக்கேன். ஒதடும் அசையுது."

ரசலையன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். தாழ்ந்த குரலில், "அது ஜெபமில்லியா, பிள்ளே" என்றார்.

ஜெபம்தான். ரசலையன், காலஞ்சென்ற ஒரு உபதேசியாரின் பிள்ளை. சாப்பிடும் முன் ஜெபம், புத்தகம் திறக்கும் முன் ஜெபம், பயணம் கிளம்பும் முன் ஜெபம், ஆடு வாங்கும் முன்கூட ஜெபம் என்று வளர்ந்தவர். ஜெபம் என்றால் தலை குனியும், கண் தானாக மூடும், சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி போடும் முன்னும் அப்படித்தான். ஆனால் அங்கே ஆமென் சொன்ன பிறகு கண்ணைத் திறந்து, மருந்தை உறிஞ்சி, இடம் பார்த்துக் குத்துவதற்கு வேளை இருந்தது. இங்கே அவர் செய்தது வேறு. குறி பார்ப்பார், மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைப்பார், கண்ணை மூடி "ஆண்டவரே, இந்த ஒரு தட்டை" என்று மன்றாடுவார், ஆமெனும் அடியும் ஒன்றாக விழும். பார்த்த குறி ஒரு பக்கம், போன பந்து ஒரு பக்கம். போதாததற்கு ஆமென் சொன்ன கையோடு முகம் வானத்தைப் பார்த்து நிமிரும். இப்படி அடித்தால் எந்தக் குழியில்தான் விழும்?

"ஜெபம் பண்ணாண்டாம்னு நான் சொல்லல" என்றாள் செல்லபாய். "முடிச்சிட்டு கண்ணத் தொறந்து பாத்து அடிச்சா ஆண்டவரு கோவிச்சுக்கிடுவாரா?"

ரசலையனுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்டுபிடித்தது மனைவி என்பதால் வந்த கோபம், விஷயம் உண்மை என்பதால் கூடவே கொஞ்சம். ஜெபமே வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடித்துப் பார்த்தார். அது இன்னும் மோசம். மட்டையைக் கையில் எடுத்தாலே செத்துப்போன அப்பா பக்கத்தில் வந்து நின்று முறைப்பதுபோல் இருந்தது. கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. ஜெபித்தால் கண் மூடுகிறது, ஜெபிக்காவிட்டால் கை நடுங்குகிறது. இப்படியே போனால் கிழவர் கேட்ட கேள்வி பலித்துவிடும் என்று பயந்துபோனார்.

விடை வந்த இடம்தான் வேடிக்கை. ஒரு நாள் மேட்டில் சிலுவை மணல் இழுக்க ஆரம்பிக்கும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டதை ரசலையன் பார்த்தார். கண் மணலிலேயே இருந்தது.

"லே சிலுவ, நீ கடல்ல போனப்பம் ஜெபம் பண்ணுவியா?"

"பின்ன பண்ணாமயா? மாதாவக் கூப்பிடாம ஒரு துடுப்பு போட்டது கெடையாது."

"கண்ண அடச்சிட்டா?"

சிலுவை பலகையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "நல்ல கேள்வி கேட்டீரு சாரே! கடல்ல கண்ண அடச்சா அல வந்து ஆமென் சொல்லிட்டுப் போவும். வாயி மாதாட்ட, கண்ணு அலையில. ஒங்க சபைக்காரங்க கரையிலயே ஜெபம் பண்ணிப் பழகினவங்க, அதான் கண்ண அடச்சிட்டு நிக்கிய."

மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, மூன்று தலைமுறையாக மாதா சொரூபத்துக்கு எதிராக வாதாடி வந்த குடும்பம் அவருடையது. ஜெபம் எப்படிச் செய்வது என்று ஒரு கத்தோலிக்கன் அவருக்குச் சொல்வதா? ரசலையன் வீட்டைப் பார்த்து நடந்தார். ஆனால் நடக்கும்போதே சோதித்துப் பார்த்தார். கண்ணைத் திறந்துகொண்டு, வழியில் கிடந்த கல்லையும் மரவேரையும் பார்த்துக்கொண்டே, வாய்க்குள் ஜெபித்தார். இடி விழவில்லை. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆமென் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே முறை. பந்தை நோக்கி நடக்கும்போது கண் திறந்த ஜெபம். பந்துக்குப் பக்கத்தில் கால் ஊன்றுவதற்குள் ஆமென். அதற்குப் பிறகு பந்து மட்டும்தான், கர்த்தர் தம் வேலையைப் பார்க்கட்டும். அடித்த பிறகும் தலையைத் தூக்கக் கூடாது, சிரட்டைக்குள் பந்து விழுகிற சத்தத்தைக் காது சொல்லும் வரை கண் பந்து கிடந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. பழகிய தலை கேட்குமா? அது நிமிரத்தான் பார்த்தது. அதற்குச் செல்லபாய் ஒரு வழி செய்தாள். பின்னால் உட்கார்ந்து லேஸ் பின்னுவாள், அவர் தலை இம்மி நிமிர்ந்தாலும் "தலை!" என்று ஒரு சத்தம் போடுவாள். தினமும் பொழுது சாயும்போது கம்பவுண்டர் வீட்டிலிருந்து "தலை! தலை!" என்று கேட்பதை வைத்துப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருந்த லயனில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். சண்டையில் மண்டை உடைகிறது என்று ஒருத்தி ஓடியே வந்துவிட்டாள்.

முதலில் சிரட்டைக்கு ஒரு சாண் தள்ளி. அது தவறாமல் விழுந்த பிறகுதான் ஒரு முழம். முழம் பழகிய பிறகு இரண்டு முழம். பின்னுக்கு இழுப்பது கொஞ்சமாக, முன்னுக்குத் தட்டுவது உறுதியாக. பயந்து தடவிக் கொடுத்தால் எண்ணெய் மணல் பந்தைப் பாதியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவருக்குப் புரிந்தது. மழைக்காலத்தில் மணல் கனத்தது, வெயில்காலத்தில் காய்ந்து ஓடியது, இரண்டுக்கும் கை பழகியது. கடைசி மாதங்களில் செல்லபாய் வேறு வேலையில் இறங்கினாள். சரியாக அவர் மட்டையை இழுக்கும் நேரம் பார்த்து, "வீட்டுல சோறு வைக்க அரி தீந்து போச்சு" என்பாள். "எனக்க அண்ணன் குடும்பத்தோட நாளைக்கு வாறான், பத்து நாளு இருப்பான்" என்பாள். கோழியை விரட்டிக் குறுக்கே ஓடவிடுவாள். பந்து சிரட்டைக்குள் விழும். விழுந்த பிறகுதான் ரசலையன் தலையைத் தூக்கி, "ஒன் அண்ணன் நெசமாவே வாறானா?" என்று கவலையோடு கேட்பார்.

போட்டி நாள் வந்தது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரசலையன் மேடேறினார். போன வருஷத்தைவிட வேலியோரத்தில் கூட்டம் அதிகம். ஜெயிக்கட்டும் என்று வந்தவர்கள் பாதி, இந்தத் தடவை எத்தனை முழம் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. செல்லபாயும் லயன் பெண்களோடு வந்து, கடைசிக் குழிக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிராளி அதே மெக்ரே துரை. தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். இந்தத் தடவையும் ஒன்றையும் விட்டுத் தரவில்லை. முதல் குழியில் ஒரு சாணில் கிடந்தது, அடி என்பதுபோல் கையைக் காட்டினார். ரசலையன் நடந்தார், நின்றார், தட்டினார். சத்தம் கேட்டபிறகு நிமிர்ந்தார். மூன்றாவது குழியில் ஒரு முழம், விழுந்தது. ஐந்தாவதில் கூட்டத்தில் யாரோ தும்மினார்கள், விழுந்தது. ஏழாவதில் மெக்ரே துரையே அரை முழத்தைத் தவறவிட்டார். நம் ஆளுடைய பந்தைக் குழிக்குள் பார்த்துப் பார்த்து அவருடைய கைக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. வேலியோரத்தில் முழம் பார்க்க வந்தவர்களெல்லாம் எந்த நேரத்தில் கட்சி மாறினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மற்ற ஏழு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று ஜெயித்து, ஒன்று சமனில் முடிந்து, இரண்டு கிளப்பும் சமமாக நின்றன. மிச்சம் இருந்தது இந்த ஒரு ஆட்டம், அதிலும் இருவரும் சமமாக வந்து நின்ற இந்தக் கடைசிக் குழி. இரண்டு பக்கத்துத் துரைமாரும் வந்து மணலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மெக்ரேயின் தட்டு குழியைத் தாண்டிப் போனது. ரசலையனின் பந்து கிடந்தது. தூரம் ஒரு முழம். சிலுவை பலகையால் மணலை இழுத்துக்கொண்டே வந்து, அவர் காதில் விழும்படி, "அல இல்ல சாரே, அமந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு விலகினான்.

ரசலையன் நடந்தார். உதடு அசைந்தது, கண் திறந்திருந்தது. கால் ஊன்றினார். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார்.

அப்போது மெக்ரே துரை முன்னால் வந்தார். குனிந்து பந்தை எடுத்தார். துடைத்து ரசலையனின் உள்ளங்கையில் வைத்து, "இது உன்னுடையது. இதை நீ விடமாட்டாய்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கைகொடுத்தார். விட்டுத் தந்துவிட்டார். கோப்பை மஞ்சாடிமலைக்கு. துரைமார் கைதட்டினார்கள். பார்க்கர் துரை தொப்பியைக் கழற்றினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. விட்டுத் தருகிற வழக்கத்தைப் பற்றி அங்கே யாருக்குத் தெரியும்? அவர்கள் கண்டதெல்லாம், நம் கம்பவுண்டர் அடிக்கப் போகிற நேரத்தில் அந்தச் சிவந்த மீசைக்காரன் பாய்ந்து பந்தை எடுத்துவிட்டான் என்பதுதான்.

"ஏலே, தொர பந்தக் களவாண்டுட்டாரு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், வேலி சாய்ந்தது. ரப்பர் வெட்டுகிறவர்கள் மொத்தமும் மணலை நோக்கி வந்தார்கள். விட்டுத் தருகிற வழக்கம் தெரிந்த சிலுவையே கூட, உணர்ச்சிவசப்பட்டுப் பலகையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

ரசலையன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "நில்லுங்க மக்கா! களவொண்ணுமில்ல. விட்டுத் தந்தாரு. நாம ஜெயிச்சாச்சு!"

கூட்டம் நின்றது. ஆனால் ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லை. சாய்ந்த வேலிக்குப் பக்கத்திலிருந்து செல்லபாய் கேட்டாள்: "விட்டுத் தந்தாரா? என்னத்துக்கு? நீங்க போட மாட்டியளா?"

ரசலையன் உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவர் ஏங்கியது இதற்குத்தான். ஒரு துரை வாயால், நீ போடுவாய் என்ற ஒரு வார்த்தை. அது கிடைத்துவிட்டது, நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் இந்த ஜனம் மலையிறங்கிப் போய் என்ன சொல்லும்? துரை இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று சொல்லும். ஊசிக்குக் கை நீட்டுகிற கிழவர் மறுபடியும் கேட்பார், கை நல்லாயிருக்கா என்று. துரைமாருக்கு இந்த மரியாதை போதும், இவர்களுக்குப் பந்து குழியில் விழ வேண்டும்.

அவர் மெக்ரே துரையிடம் திரும்பினார். "ஐயா, பெரிய உபகாரம். ஆனா ஒங்க அனுமதி இருந்தா நான் இதப் போடணும்."

"நீ ஜெயித்தாகிவிட்டது, மனிதா! தவறினால்?"

"தவறினா தவறினதுதான். கோப்பை ஒங்க வாக்குப்படி நிக்கும். மிச்சம் எனக்கும் இவங்களுக்கும் உள்ளது."

பார்க்கர் துரை, "வேண்டாம், ரசலையன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே பயம். நல்லபடியாக முடிந்த நாளைக் கெடுத்துக்கொள்ளப் போகிறானே என்ற பயம். மெக்ரே மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு விலகி நின்று வழிவிட்டார்.

ரசலையன் பந்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். சிலுவை பலகையை இறக்கி, கூட்டம் மிதித்த தடத்தையெல்லாம் இழுத்துச் சமன் செய்தான். அவர் பின்னால் போய், மறுபடியும் நடந்து வந்தார். இந்தத் தடவை தவறினால் ஈடு செய்ய அடுத்த வருஷம் கிடையாது. கால் ஊன்றினார். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. தட்டினார்.

"டொக்."

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். அவர் நிமிர்வதற்குள் கூட்டம் அவரைத் தூக்கிவிட்டது. சிலுவை பலகையை வானத்தில் எறிந்தான். அது யார் தலையில் விழுந்தது என்று அன்றைக்கு விசாரிக்க ஆளில்லை. செல்லபாய் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஊருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு சும்மா தந்தா வாங்குத ஆளில்ல, கேட்டியா."

மறு வாரம் ஊசி போட வந்த கிழவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தையில் துணிக்காரன் அளக்கும்போது வாயைத் திறக்கவில்லை.

ரசலையன் இரண்டாவது உலகச் சண்டை தொடங்கிய வருஷம் வரை மஞ்சாடிமலைக்காக ஆடினார். ரப்பர் விலை ஏறியது, புதுத் துரைமார் வந்தார்கள், எட்டுப் பேருக்குப் பத்துப் பேர் கிடைத்தார்கள். அப்போதும் கம்பவுண்டரின் இடத்தை யாரும் தொடவில்லை. புதிதாக வந்த ஒரு துரை முதல் ஆட்டத்தில் அவருக்கு அரை முழத்தை விட்டுத் தரப் போனார். பக்கத்தில் நின்ற மெக்ரே அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகும் இரண்டு கிளப்பிலும் ரசலையன் கம்பவுண்டருக்கு ஒருவரும் ஒரு சாணைக்கூட விட்டுத் தந்ததில்லை. அவர் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.